நுரையீரல் புற்றுநோயும் ஆயுள் சொல்லும் புரதங்களும்

நுரையீரல் புற்றுநோய் உறுதியான ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்ற கேள்விக்கு மருத்துவம் முதலில் நம்புவது நோயின் நிலையைத்தான். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பரவல், வேறு உறுப்புகளுக்குத் தாவல் ஆகிய மூன்றையும் வைத்து நிலை வகுக்கப்படுகிறது. இந்த வகைப்பாட்டின் எட்டாம் பதிப்புக்குத் திரட்டிய தரவின்படி, ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத, எங்கும் பரவாத கட்டி உள்ளவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருக்கிறார்கள். மார்புக்கு வெளியே பல இடங்களில் பரவிவிட்டால் அந்த எண் பூஜ்யத்தைத் தொடுகிறது. இந்த இரண்டு ஓரங்களிலும் குழப்பம் குறைவு. நடுவில் உள்ள நிலைகள் அப்படியல்ல. 1பி நிலையில் நூற்றுக்கு 68 பேர், 2பி நிலையில் 53 பேர், 3ஏ நிலையில் 36 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். ஒரே நிலை, ஒரே அறுவை சிகிச்சை என்றாலும் ஒருவருக்கு ஓராண்டில் நோய் திரும்புகிறது. இன்னொருவர் பத்தாண்டு வாழ்கிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கட்டியின் குணத்திலும் உடலின் எதிர்வினையிலும் இருக்கிறது. இரண்டையும் நடத்துபவை புரதங்கள் என்பதால், அவற்றை அளந்து கணிப்பைக் கூர்மையாக்கும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

இதற்காக முன்மொழியப்பட்ட புரதங்கள் நூற்றுக்கணக்கானவை. அன்றாட அறிக்கையில் இடம்பிடித்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலானவை உதிர்ந்துபோனதற்கு அந்தப் புரதங்களின் குறை மட்டும் காரணமன்று. ஃபார்மலின், ஆன்டிபாடி, பார்க்கும் கண், பிரிக்கும் எல்லைக்கோடு ஆகிய நான்கைத் தாண்டித்தான் ஒரு புரதம் எண்ணாக மாறுகிறது. நான்கில் ஒன்று வழுவினாலும் எண் பொய்த்துவிடும். நோயியல் ஆய்வகத்தில் நெடுநாள் பணியாற்றியவர்கள் புரதத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த நான்கைப் பற்றிக் கேட்பது அதனால்தான்.

இரு வேறு கேள்விகள்

ஒரு புரதத்திடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எந்தப் போக்கில் போகும் என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு மருந்தைக் கொடுத்தால் ஆயுள் நீளுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் தருவது முன்கணிப்புக் குறிப்பான். இரண்டாவதற்குப் பதில் தருவது பலன்கணிப்புக் குறிப்பான். மருந்து பெற்றவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். புரதம் மிகுந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தது மருந்தாலா, நோயே மெதுவானது என்பதாலா என்று பிரித்தறிய, மருந்து பெறாத ஒரு பிரிவும் அதே ஆய்வில் இருந்தாக வேண்டும்.

ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் கதை இதற்குப் பாடம். அந்தப் புரதம் கட்டியில் மிகுந்திருந்தால் அதைத் தடுக்கும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். 2004இல் வேறு விடை கிடைத்தது. பலனைத் தீர்மானித்தது புரதத்தின் அளவன்று. அதன் மரபணுவில் ஏற்பட்ட திரிபு. அதன்பின் அந்தப் புரதத்தின் அளவுக்காகச் சாயமேற்றிப் பார்ப்பது வழக்கொழிந்தது. மரபணுப் பரிசோதனை அந்த இடத்தைப் பிடித்தது.

கட்டையிலிருந்து ஸ்லைடுக்கு

திசுவில் புரதத்தைக் காணும் முறை இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஆய்வகப் பேச்சில் ஐ.எச்.சி. பயாப்சித் துண்டு எடுத்தவுடன் 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் விழ வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். குறைந்தால் திசுவின் ஓரம் மட்டும் பதப்பட்டு நடுப்பகுதி சிதைகிறது. ஓரத்தில் நல்ல சாயமும் நடுவில் வெறுமையும் தெரியும். மிகுந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மறைந்துபோகிறது. எலும்புக்குப் பரவிய கட்டியைச் சுண்ணாம்பு நீக்க அமிலத்தில் இட்டால் பல புரதங்கள் அழிந்துவிடும். அத்தகைய துண்டில் சாயம் ஏறாவிட்டால் அதை 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'மதிப்பிட இயலவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

பதப்பட்ட திசுவைப் பாரஃபின் மெழுகில் கட்டையாக்கி, மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். மெழுகை நீக்கிய பிறகு, தகுந்த கரைசலில் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வைத்து, ஃபார்மலின் போட்ட முடிச்சுகளை அவிழ்க்கிறார்கள். அடுத்து ஆன்டிபாடி, அதன்மேல் நொதி கட்டிய இரண்டாம் ஆன்டிபாடி, இறுதியில் டி.ஏ.பி. என்ற வேதிப்பொருள். புரதம் உள்ள இடம் பழுப்பாகவும் செல்களின் கரு நீலமாகவும் தெரியும். சீவிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்து பிறகு சாயமேற்றினால் சில புரதங்களின் பழுப்பு மங்கிவிடும். பழைய கட்டையிலிருந்து புதிதாகச் சீவுவதே நல்லது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ட்ரோல் திசு உடன் போக வேண்டும். பி.டி.எல்.1 என்ற புரதத்துக்குத் தொண்டைச் சதை நல்ல கண்ட்ரோல்: அதன் மடிப்புகளின் மேல்தோல் அழுத்தமாகவும், உள்ளிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் மெலிதாகவும் சாயமேற வேண்டும். அழுத்தமானது மட்டும் தெரிந்து மெலிதானது தெரியாவிட்டால் அன்றைய ஓட்டம் முழுவதும் கணக்கில் சேராது.

பழுப்பைப் படித்தல்

எல்லாப் பழுப்பும் புரதமன்று. எல்லாப் புரதமும் கட்டியினுடையதுமன்று. நுரையீரலில் புகையும் தூசியும் விட்டுச்சென்ற கரித்துகள் கருமையாகத் தெரியும். அழுகிய பகுதிகள் ஆன்டிபாடியை வீணே உறிஞ்சிக்கொள்ளும். காற்றறைகளில் கூடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் கட்டிச் செல்களைப் போலவே பழுப்பேறிப் புதியவர்களை ஏமாற்றும். ஆகவே அதே இடத்தின் சாதாரணச் சாயமேற்றிய ஸ்லைடை அருகில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

டி.டி.எஃப்.1 என்ற புரதம் முதலில் கட்டியின் வகையைச் சொல்கிறது. நுரையீரல் அடினோகார்சினோமாக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் அது இருக்கும். ஸ்குவாமஸ் வகையில் பொதுவாக இருக்காது, அங்கே பி40 என்ற புரதம் தெரியும். வகை பிரிப்பதற்காகச் செய்யும் இந்தச் சாயமே ஆயுளையும் ஓரளவு சொல்கிறது: அடினோகார்சினோமாவில் டி.டி.எஃப்.1 உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கும் எந்த ஆன்டிபாடி என்பது முக்கியம். 8ஜி7ஜி3/1 என்ற ரகம் கண்டிப்பானது. எஸ்.பி.டி.24 என்ற ரகம் கூடுதல் கட்டிகளைப் பிடிக்கும். சில ஸ்குவாமஸ் கட்டிகளிலும் குடல் கட்டிகளிலும்கூடப் பழுப்பைக் காட்டும்.

கி-67 பிரிந்துகொண்டிருக்கும் செல்களை அடையாளம் காட்டும் புரதம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 1983இல் அதற்கான ஆன்டிபாடியை வெளியிட்டார்கள். சிறு செல் அல்லாத புற்றுநோயில் அது மிகுந்திருந்தால் போக்கு மோசம் என்று தொகுப்பாய்வுகள் சொன்னாலும், எத்தனை விழுக்காட்டில் கோடு கிழிப்பது என்பதில் உடன்பாடு இல்லை. ஆனால் ஓரிடத்தில் அதன் பயன் மறுக்க முடியாதது. மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த சின்னத் துண்டில் செல்கள் நசுங்கியிருந்தால் கார்சினாய்டு கட்டியும் சிறு செல் புற்றுநோயும் ஒன்றுபோலத் தெரியும். சிறு செல் புற்றுநோயில் கட்டிச் செல்களில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல், கி-67 ஏறியிருக்கும். கார்சினாய்டில் அது மிகக் குறைவு. ஒன்று அறுவை சிகிச்சையோடு பெரும்பாலும் தீரும் நோய். மற்றொன்று விரைந்து பரவும் நோய். நசுங்கிய துண்டில் இந்த ஒரு சாயம் போடத் தவறினால் சிகிச்சையே தலைகீழாகிவிடும்.

எல்லைக்கோடும் கணக்கும்

பழுப்பின் அடர்த்தியை 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, பழுப்பேறிய செல்களின் விகிதத்தோடு பெருக்கி எச்-ஸ்கோர் என்ற எண்ணைப் பெறுவது பரவலான முறை. அடுத்து அந்த எண்ணை ஓரிடத்தில் வெட்டி, மிகுந்தவர்கள், குறைந்தவர்கள் என்று நோயாளிகளை இரு பிரிவாக்கி, கப்லான்-மையர் வரைகோடுகளை இட்டு ஒப்பிடுகிறார்கள்.

ஏமாற்றம் பெரும்பாலும் இந்த வெட்டும் இடத்தில்தான் தொடங்குகிறது. பல இடங்களில் வெட்டிப் பார்த்து, வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரியும் இடத்தை எல்லையாக அறிவித்தால், எந்தத் தொடர்பும் இல்லாத புரதம்கூடத் தொடர்புள்ளதுபோலத் தோன்றும். டக்ளஸ் ஆல்ட்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1994இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 5 விழுக்காட்டில் நிற்க வேண்டிய தவறு 40 விழுக்காட்டை ஒட்டிப் போகிறது. பி53, பி.சி.எல்.2 முதலான புரதங்களைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்கு ஆளுக்கொரு எல்லைக்கோடும் ஆளுக்கொரு ஆன்டிபாடியும் வைத்துக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். இதைச் சீர்செய்ய 2005இல் ரிமார்க் என்ற அறிக்கை நெறிகள் வெளியாயின. திசு வந்த வழி, ஆன்டிபாடியின் விவரம், எல்லைக்கோட்டைத் தேர்ந்த விதம், நிலையையும் வயதையும் கணக்கில் கொண்ட பிறகும் புரதம் தனியாகச் சொல்வது என்ன என்பவற்றை வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

ஈ.ஆர்.சி.சி.1: எல்லாம் சரியாக இருந்தும்

திட்டமிட்டுச் செய்த ஆய்வும் தவறிப்போகலாம் என்பதற்கு ஈ.ஆர்.சி.சி.1 புரதத்தின் வரலாறு சான்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் கலந்த மருந்து கொடுத்தால் ஆயுள் நீளுமா என்று 1,867 நோயாளிகளிடம் ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. ஐந்தாண்டு கடந்தவர்கள், மருந்து பெற்ற பிரிவில் 44.5 விழுக்காடு, பெறாத பிரிவில் 40.4 விழுக்காடு. நூறு பேருக்குக் கடுமையான மருந்தைக் கொடுத்தால் பலன் பெறுபவர் நான்கு பேர். அந்த நால்வர் யார் என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

சிஸ்பிளாட்டின் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, அதைப் பழுதுபார்க்கும் கூட்டத்தில் ஒன்று ஈ.ஆர்.சி.சி.1. அது இல்லாத கட்டி மருந்துக்கு மடிய வேண்டும். பாரிஸை அடுத்த வில்ஜுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூசி நிறுவனத்தை மையமாகக் கொண்ட குழு, அந்த ஆய்வில் கலந்துகொண்ட 14 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து பாரஃபின் கட்டைகளைத் திரட்டியது. 8எஃப்1 என்ற ஆன்டிபாடியால் 761 கட்டிகளைச் சாயமேற்றியது. எல்லைக்கோடாக எச்-ஸ்கோரின் நடுமதிப்பை முன்கூட்டியே தீர்மானித்தது. அதே ஸ்லைடில் உள்ள இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை உள் அளவுகோலாக வைத்துக்கொண்டது. மருந்து பெறாத பிரிவும் ஆய்விலேயே இருந்தது. 2006இல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. புரதம் இல்லாதவர்களில் மருந்து பெற்றோர் 47 விழுக்காடும் பெறாதோர் 39 விழுக்காடும் ஐந்தாண்டு கடந்தார்கள். புரதம் உள்ளவர்களுக்கு மருந்தால் பலன் இல்லை. ஆனால் மருந்து பெறாதவர்களை மட்டும் பார்த்தால் புரதம் உள்ளவர்களே நீண்ட நாள் வாழ்ந்தார்கள். முன்கணிப்பு, பலன்கணிப்பு என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே சாயம் பதில் சொன்னதாகத் தோன்றியது.

வேறு இரண்டு ஆய்வுகளைச் சேர்ந்த 494 நோயாளிகளிடம் இதைச் சரிபார்க்க முயன்றபோது முடிவு நிலைக்கவில்லை. பழைய ஆய்வின் 589 கட்டிகளுக்கே அதே பெயர் கொண்ட ஆன்டிபாடியால் மீண்டும் சாயமேற்றினார்கள். முன்பு வந்த முடிவு திரும்ப வரவில்லை. இடையில் மாறியது ஆன்டிபாடியின் தயாரிப்புத் தொகுதி. சந்தையில் கிடைத்த 16 ஆன்டிபாடிகளை ஒப்பிட்டபோது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. அந்த மரபணு நான்கு வடிவங்களில் புரதத்தை உண்டாக்குகிறது. பழுதுபார்ப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. அந்த ஒன்றைத் தனித்துக் காட்டும் ஆன்டிபாடி பதினாறில் ஒன்றுகூட இல்லை. இது வெளியானது 2013இல். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, 8எஃப்1 ஆன்டிபாடி ஈ.ஆர்.சி.சி.1உடன் நில்லாமல், செல்லின் சவ்வுக்குத் தேவையான கொழுப்பை உருவாக்கும் வேறொரு நொதியோடும் ஒட்டுகிறது என்று காட்டியது.

இதிலிருந்து ஆய்வகங்கள் கற்றவை நடைமுறை விதிகளாயின. ஆன்டிபாடியின் ரகப் பெயரோடு தொகுதி எண்ணையும் பதிந்துவைக்க வேண்டும். புதிய தொகுதி வந்ததும் பழையதோடு அருகருகே ஓட்டி, ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களில் பழுப்பு முற்றிலும் மறைகிறதா என்று சோதித்த ஆன்டிபாடியையே நம்ப வேண்டும்.

நிலைத்து நின்றவை

ஏ.எல்.கே. புரதம் நிலைத்ததற்குக் காரணம் எளிது. நலமான நுரையீரலில் அது இருப்பதில்லை. 2007இல் கண்டறியப்பட்ட மரபணு இணைவு நேர்ந்த கட்டிகளில் மட்டும் அது தோன்றுகிறது. டி5எஃப்3 என்ற ஆன்டிபாடியால் சாயமேற்றினால் விடை 'உண்டு' அல்லது 'இல்லை'. எல்லைக்கோட்டுத் தகராறு குறைவு. அந்தச் சாயத்துக்கு ஏற்ற மருந்தும் உண்டு. பரவிய நிலையில் அலெக்டினிப் மருந்து பெற்றவர்களில் 62.5 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தார்கள். மருந்தில்லாத காலத்தில் எண்ணிப் பார்க்க முடியாத எண் இது.

பி.டி.எல்.1 அவ்வளவு எளிதன்று. என்றாலும் இன்று மிக அதிகமாகக் கேட்கப்படும் புரதம் அதுவே. 22சி3, 28-8, எஸ்.பி.263, எஸ்.பி.142 என்ற நான்கு ஆன்டிபாடிகள் நான்கு மருந்துகளோடு தனித்தனியே சந்தைக்கு வந்தன. புளூபிரின்ட் என்ற கூட்டு ஒப்பீட்டில் முதல் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோல் நடந்துகொண்டன, எஸ்.பி.142 மட்டும் குறைவான கட்டிச் செல்களைக் காட்டியது. படிக்கும் விதி இது: உயிருள்ள கட்டிச் செல்கள் குறைந்தது நூறு இருக்க வேண்டும், செல்லின் சவ்வில் எவ்வளவு மெலிதாகப் பழுப்பு இருந்தாலும், அரைகுறையாக இருந்தாலும் கணக்கில் சேரும், நூற்றுக்கு எத்தனை செல்கள் என்பதே அறிக்கை. 1, 50 ஆகிய இரண்டு எண்கள் சிகிச்சையைப் பிரிக்கின்றன. 50 அல்லது அதற்கு மேல் உள்ள 305 பேரிடம் நடந்த கீநோட்-024 ஆய்வில், பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பெற்றவர்களில் 31.9 விழுக்காடும் கீமோதெரபி பெற்றவர்களில் 16.3 விழுக்காடும் ஐந்தாண்டு கடந்தார்கள். மருந்தை விலக்கிவிட்டு, பி.டி.எல்.1 தானாகவே ஆயுளைச் சொல்கிறதா என்று கேட்டால் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. ஒரே கட்டியின் இரு பகுதிகளில் 40உம் 60உம் வருவதும் உண்டு. அதனால் எல்லையை ஒட்டிய எண்ணை இரண்டு பேர் படிப்பதும், மற்றொரு கட்டை இருந்தால் அதையும் பார்ப்பதும் நல்ல வழக்கம்.

இரத்தத்தில் உள்ளவை

இரத்தப் பரிசோதனை மலிவானது, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது. அதற்கும் தனக்கே உரிய பொறிகள் உண்டு. சி.ஈ.ஏ. 1965இல் குடல் புற்றுநோயில் கண்டறியப்பட்டது. நுரையீரல் அடினோகார்சினோமாவில் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது இறங்காமல் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. புகைபிடிப்பவர்களுக்கு நோயில்லாமலேயே சற்று உயர்ந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சைஃப்ரா 21-1 என்பது மேல்தோல் செல்களின் எலும்புக்கூடு போன்ற சைட்டோகெராட்டின் 19இன் உடைந்த துண்டு. 2,063 சிறு செல் அல்லாத நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2004இல் வெளிவந்த ஆய்வில், அது உயர்ந்திருப்பது நிலையைத் தாண்டியும் குறைந்த ஆயுளைச் சுட்டியது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அதுவும், சிறு செல் வகைக்குப் பார்க்கும் புரோ ஜி.ஆர்.பி.யும் உயர்ந்து காட்டும்.

சிறு செல் வகைக்குப் பார்க்கும் என்.எஸ்.ஈ. சிவப்பணுக்களிலும் தட்டணுக்களிலும் இருப்பதால், குழாயில் இரத்தம் சிதைந்தாலோ சீரம் பிரிக்கத் தாமதமானாலோ பொய்யாக ஏறும். சீரம் சிவந்திருந்தால் எண்ணைத் தராமல் மறுமாதிரி கேட்பதே முறை. புரோ ஜி.ஆர்.பி. சீரத்தில் விரைவில் சிதையும், பிளாஸ்மாவில் நிலைத்திருக்கும். ஸ்குவாமஸ் கட்டிகளுக்குப் பார்க்கும் எஸ்.சி.சி. ஆன்டிஜென், மாதிரியில் தோல் துகளோ எச்சிலோ பட்டால்கூட உயரும்.

இவற்றைவிட எளிய இரண்டு புரதங்கள் பல வேளைகளில் இவற்றுக்கு ஈடாக ஆயுளைச் சொல்கின்றன. சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழ் என்ற இரண்டில் ஒன்று இருந்தால் 1, இரண்டும் இருந்தால் 2 என்பது கிளாஸ்கோ மதிப்பெண். அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் 2003இல் அது முன்வைக்கப்பட்டது. அழற்சியும் உடல் மெலிவும் கட்டிக்கு வெளியிலிருந்து ஆயுளைக் குறைக்கின்றன என்பதே அதன் பொருள்.

புரதங்களைத் தனித்தனியே தேடாமல் கூட்டமாக எடைபோடும் நிறைமாலைமானி முறையும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2007இல் வெளியான வெரிஸ்ட்ராட் பரிசோதனை, சீரத்தின் எட்டு முகடுகளை வைத்து நோயாளிகளை நல்லது, மோசம் என்று பிரித்தது. 2014இல் முடிவு வெளியான புரோஸ் ஆய்வில், மோசம் என்று வந்தவர்கள் எர்லோடினிப் மாத்திரையைவிடக் கீமோதெரபியில் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். அந்த முகடுகளில் முக்கியமானவை அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ என்று தெரியவந்தது. கட்டித் திசுவிலேயே ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருசேர அளப்பதும் இப்போது முடிகிறது. 2020இல் அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று 110 அடினோகார்சினோமாக்களையும் 101 பக்கத்துத் திசுக்களையும் இப்படி அளந்தது. மரபணுவின் அளவை வைத்துப் புரதத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது என்பதை இத்தகைய தரவுகள் உறுதிசெய்கின்றன. அதில் தெரியும் புரதம் ஒவ்வொன்றும் மருத்துவமனைக்கு வரும்முன் ஆன்டிபாடி, எல்லைக்கோடு, சரிபார்ப்பு என்ற அதே படிகளை ஏறியாக வேண்டும்.

அறிக்கையும் அதைப் படிக்கும் முறையும்

நல்ல அறிக்கையில் எண் மட்டும் இருக்காது. எந்தக் கட்டை, எந்த இடத்துத் திசு, ஃபார்மலினில் இருந்த நேரம், ஆன்டிபாடியின் ரகம், இயந்திரம், கண்ட்ரோலின் நிலை, எண்ணிய செல்களின் போதுமை ஆகியவை அதில் இருக்கும். புற்றுநோய்க் குழுவின் கூட்டத்தில் நோயின் நிலை, நோயாளியின் உடல் திறன், கட்டியின் வகை, மரபணுத் திரிபுகள் என்ற வரிசையில் பேசிய பிறகே பி.டி.எல்.1 வரும், இரத்தப் புரதங்கள் அதற்கும் பின்னால். முன்னவை சொல்லாத ஒன்றைச் சொல்லும் புரதம் மட்டுமே முடிவை மாற்றும். மற்றவை கோப்பில் இருக்கும்.

ஐந்தாண்டு விழுக்காடு ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு; தனி ஒருவரின் நாளை அது குறிப்பதில்லை. ஆகவே புரதத்தின் எண்ணை ஆயுளின் எண்ணாக மாற்றி நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ சொல்வது முறையன்று. எந்தச் சிகிச்சை பொருந்தும், எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும், வலிதணிப்பு மருத்துவரை எப்போது சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுகளுக்கு அந்த எண் உதவுகிறது. இன்றைய நிலையில் புரதக் குறிப்பான்களிடம் எதிர்பார்க்கக்கூடிய பயன் இந்த அளவே.